ஒரு வேலையும் செய்யாத வார்த்தை

போர்ட் பிளேரில் குழந்தைவேலுவை நேரில் பார்த்திராதவர்கள்கூட அவரைப் பற்றி ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தார்கள். 'வராத மிஷினுக்கு ஆபரேட்டர்' என்பார்கள். கேலிதான், ஆனால் பொய் கிடையாது.

எழுபதாம் வருஷம் ஆபீஸ் அவரை மெட்ராசுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. புள்ளிவிவரப் பிரிவில் ஜனத்தொகையையும் மழையளவையும் வெட்டின மரத்தையும் கூட்டிக் கூட்டியே கண் பூத்துப்போன குமாஸ்தா அவர். மெட்ராசில் ஒரு கல்லூரியில் ஹாலை அடைத்துக்கொண்டு நின்ற கம்ப்யூட்டரைக் காட்டினார்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே இருக்கிற குளிரில் பல் கிட்டித்துவிடும். அந்த மிஷினுக்கு ஃபோர்ட்ரான் என்று ஒரு பாஷை. மொத்தம் முப்பது சொச்சம் இங்கிலீஷ் வார்த்தைகள். அவற்றை அட்டையில் ஓட்டை போட்டு உள்ளே தள்ளினால், இவர் ஒரு மாசம் முட்டி மோதிக் கூட்டுகிற கணக்கை அது காபி குடிக்கிற நேரத்தில் கூட்டிக் கொடுத்துவிடும். தீவுக்கும் ஒன்று கப்பலில் வருகிறது, நீர்தான் அதற்கு ஆபரேட்டர் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். குழந்தைவேலு திரும்பி வந்து, கப்பல் வரும்போதெல்லாம் ஜெட்டிப் பாலத்தில் போய் நின்றார். அரிசி இறங்கியது, சிமெண்ட் இறங்கியது, ஒரு தடவை ஜீப்கூட இறங்கியது. சொன்ன அதிகாரி மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர், "எந்த மிஷின்?" என்று கேட்டார். விஷயம் அத்தோடு முடிந்தது.

அவர் மனைவி நீலாவதி நாமக்கல்லில் அண்ணன் வீட்டில் இருந்தாள். ஒரே ஒரு தடவை தீவுக்கு வந்தாள். கப்பலில் ஏறினதிலிருந்து இறங்குகிறவரை வாந்தி. இறங்கின அன்றைக்குப் பிடித்துக்கொண்ட மழை விடவே இல்லை; கட்டிலுக்கு அடியில் அட்டை ஊர்ந்தது. "இந்த ஊர்ல மனுசன் இருப்பானா?" என்று கேட்டாள். வந்த கப்பல் திரும்பும்போது அதிலேயே ஏறிவிட்டாள். சண்டை என்று ஒன்றும் இல்லை. பண்டிகைக்குப் பண்டிகை ஒரு கடுதாசி வரும். உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி எழுதியிருப்பாள். அவர் உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

தீவில் பொழுது சீக்கிரம் சாயும். கடிகாரம் மெயின்லேண்டுக்காக ஓடும், சூரியன் தன் பாட்டுக்குப் போய்விடும். ஆபீஸ் விட்டு மரைன் ஹில் மேட்டை ஏறி முடிப்பதற்குள் இருட்டிவிடும். அப்புறம் தூக்கம் வருகிறவரை இருக்கிற பொழுதை வைத்துக்கொண்டு ஒற்றை ஆள் என்ன செய்வது? குழந்தைவேலு குவார்ட்டர்ஸ் வராந்தாவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கீழே துறைமுகத்து விளக்குகளைப் பார்த்தபடி, கற்றது மறந்துவிடக்கூடாதே என்று அந்த வார்த்தைகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருப்பார். ரீட். ரைட். கோ டூ. இஃப். டூ. கால். ஸ்டாப்.

அப்படி அவர் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு நாள் அன்னம்மாள் கேட்டுவிட்டாள். குடும்பம் இல்லாத குவார்ட்டர்ஸ்காரர்களுக்குச் சமைத்துப் போடுகிறவள். சிலோனில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, அங்கே இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட, கப்பல் மாறி இங்கே வந்து சேர்ந்தவள். சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"என்னாங்க சார் இது, மந்திரமா?"

"மிஷினுக்கு ஆர்டர் போடற வார்த்தை, அன்னம்மா."

"ஏன், அதுக்குத் தமிழ்ல சொன்னா வெளங்காதா?"

"வெளங்காது."

"யாராச்சும் சொல்லிப் பாத்தீங்களா?"

யாரும் சொல்லிப் பார்த்ததில்லை என்பதை அவர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

"தொரைமாரு இங்கிலீசுலதான் கத்துவாங்க," என்றாள் அன்னம்மாள். "கங்காணி தமிழ்ல சொன்னாத்தான் எங்க ஆளுங்க கொழுந்து எடுப்பாங்க. மிஷினு என்னா, தொரைக்கு மாமனா மச்சானா?"

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. மறுநாள் அவள் பன்னீர்செல்வத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தூத்துக்குடிக்காரர், ஜெட்டியில் கப்பல் சரக்கு இறக்குகிற வின்ச்சுக்குக் கை காட்டுகிற வேலை. அவர் தன் பங்குக்கு சாத்தம் மரமில்லிலிருந்து ஒரு பிளைவுட் பலகையைச் சுமந்து வந்தார். அதற்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து வராந்தாச் சுவரில் மாட்டினார்கள். இடது பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, வலது பக்கம் காலி. ஒரு வார்த்தை பலகையில் ஏற வேண்டுமென்றால் வந்திருக்கிற எல்லாரும் சரி என்று சொல்ல வேண்டும். இதுதான் சட்டம். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்களிலிருந்து சிலர் எட்டிப் பார்ப்பார்கள், ஒரு வார்த்தை சொல்வார்கள், டீ குடித்துவிட்டுப் போவார்கள். ஆனால் தினமும் வந்தது மூன்று பேர். அன்னம்மாள், பன்னீர்செல்வம், அப்புறம் கண்ணையா.

கண்ணையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாத்தத்துக்கும் பாம்பூ பிளாட்டுக்கும் போய் வருகிற பெர்ரி போட்டில் கயிறு கட்டுகிறவர், ஐம்பதை நெருங்குகிற ஆள். அவருடைய தாத்தாவைக் கைதியாகக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்களாம். தஞ்சாவூர்ப் பக்கம் என்று பேச்சு. எந்த ஊர் என்று கேட்டால் கண்ணையாவுக்கே தெரியாது. வீட்டில் மனைவி ராஞ்சிக்காரி, பிள்ளைகளுக்கு ஹிந்திதான் பாஷை. தமிழ் எழுத்து ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. பேசுகிற தமிழிலும் பாதிக்குப் பாதி ஹிந்தி. பஜாரில் மெயின்லேண்டுக்காரர்கள் அவரைப் பேசவிட்டுச் சிரிப்பார்கள். அதனால் அவர் தமிழர்களோடும் ஹிந்தியிலேயே பேசிப் பழகியிருந்தார். இந்த வராந்தாவில் மட்டும் தமிழ் பேசினார். ஹிந்தி குறுக்கே வந்துவிட்டால் நாக்கைக் கடித்துக்கொண்டு, வார்த்தையைத் தேடிப் பிடித்து, மறுபடியும் முதலிலிருந்து சொல்வார். அவசரமே படமாட்டார். யாரும் அவரை அவசரப்படுத்தவும் இல்லை.

வார்த்தை சரியா என்று பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். யாராவது ஒருவர் மிஷின் ஆக வேண்டும். சொன்னதைச் செய்ய வேண்டும், சொல்லாததைச் செய்யக்கூடாது. பன்னீர்செல்வத்தை மிஷின் ஆக்கினால் எதிர்க்கேள்வி கேட்பார். அன்னம்மாள் மிஷின் ஆனால், சொல்வதற்கு முன்பே பாத்திரத்தைக் கழுவிவிடுவாள். கண்ணையாதான் அசல் மிஷின். ஒரு நாள் டீ ஊற்றச் சொல்லி ஆர்டர் எழுதினார்கள்; சொன்ன எண்ணிக்கை வரை திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிற 'டூ'வுக்கு 'சுத்து' என்று ஏறியிருந்தது. 'சுத்து, ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும். ஊத்து.' வரிசையாக வைத்திருந்த டம்ளர் நாலுதான். கண்ணையா நாலையும் நிரப்பினார். ஐந்தாவது டம்ளர் இருக்க வேண்டிய இடத்தில் பன்னீர்செல்வத்தின் வேட்டி இருந்தது. முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அதில் ஊற்றினார்.

"அய்யய்யோ! பாவி மனுசா!" என்று பன்னீர்செல்வம் எகிறிக் குதித்தார்.

"மிஷின் மேல கல்த்தி இல்ல, தம்பி," என்றார் கண்ணையா குழந்தைவேலுவைப் பார்த்து. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பு இல்ல. ஆர்டர்லதான் தப்பு."

அன்னம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அதுவரை 'சார்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த கண்ணையா அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் 'தம்பி' என்றார். குழந்தைவேலுவை அந்தத் தீவில் யாரும் உறவு சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்த ராத்திரி அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

பலகை நிரம்ப ஆரம்பித்தது. கூப்பிடச் சொல்கிற 'கால்' என்ற வார்த்தைக்கு அன்னம்மாள் 'பிரட்டு' என்றாள். தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்திப் பேர் வாசிப்பதற்குப் பெயர் பிரட்டு. எல்லாரும் சரி என்றார்கள். 'ரைட்' என்பதற்கு எழுது என்று போட்டிருந்ததைப் பன்னீர்செல்வம் அழிக்கச் சொன்னார். "உள்ள இருக்க கணக்க வெளிய எறக்கி வைக்கதுதான சார்வாள்? அப்பம் ஆரியான்னு போடுங்க. வின்ச்சுல சரக்க எறக்க அதத்தான் சொல்லுவோம்" என்றார். அதுவும் ஏறியது. 'எண்ட்' என்பதற்கு 'முடிஞ்சது' என்று எழுதப்போனபோது அன்னம்மாள் கையைப் பிடித்துவிட்டாள். விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தச் சொல் வீட்டில் கேட்கக்கூடாதாம். 'நிறைஞ்சது' என்று மாற்றினார்கள். கண்ணையா 'ஸ்டாப்'புக்கு, ஹிந்தியில் போதும் என்கிற 'பஸ்' என்றார். "பஸ் வந்தா ஏறிர வேண்டியதுதான்" என்று பன்னீர்செல்வம் கிண்டல் பண்ணினார். கண்ணையாவும் சேர்ந்து சிரித்தார். அவர் சொன்ன வார்த்தை எதுவும் அதுவரை பலகையில் ஏறவில்லை. அதற்காக அவர் வருவதை நிறுத்தவும் இல்லை.

காலி இடங்கள் கைவிரலில் அடங்குகிற அளவுக்கு வந்தபோது குழந்தைவேலுவுக்குத் திக்கென்றது. வார்த்தைகள் தீர்ந்துவிட்டால் இவர்கள் எதற்காக வருவார்கள்? மறுபடியும் அந்த நாற்காலியும் அந்த விளக்குகளும்தானா? இதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். ஆனால் நாற்பது வயசு ஆண்பிள்ளை, தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வான்? மனுஷர் வேறு வழி பிடித்தார். முடிந்துபோன வார்த்தைகளை நோண்ட ஆரம்பித்தார். "'சுத்து' சரிதானா? 'திரும்பச் செய்'னு இருக்கலாமோ?" என்பார். இரண்டு நாள் சண்டை நடக்கும். மூன்றாம் நாள் 'சுத்து' பழைய இடத்துக்கே வந்து உட்காரும். இப்படி நோண்டி நோண்டியே ஒரு மழைக்காலத்தை ஓட்டிவிட்டார் என்றால் அவருடைய சாமர்த்தியத்தைப் பாருங்கள்.

கடைசியில் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது. 'கன்டின்யூ'. தொடர்ந்து செய் என்று அர்த்தம் என்றுதான் எல்லாரும் முதலில் நினைத்தார்கள். குழந்தைவேலு மறுத்தார். அதில் நியாயமும் இருந்தது.

"அது எந்த வேலையும் செய்யாது. மிஷின் ஒரு வேலையைச் சுத்திச் சுத்திச் செய்யுதில்ல? ஒவ்வொரு சுத்துக்கும் வந்து நிக்கறதுக்கு ஒரு இடம் வேணும். அந்த இடத்துக்குத்தான் இந்த வார்த்தை. அங்க ஒண்ணும் நடக்காது. ஆனா அது இல்லேன்னா சுத்து நிக்க இடமில்லாம போயிடும்."

ஒரு வேலையும் செய்யாத ஒன்றுக்குப் பெயர் வைப்பது சாமானியமான காரியமில்லை. பன்னீர்செல்வம் சொன்னது எதுவும் பொருந்தவில்லை. அன்னம்மாள் சொன்னதும் பொருந்தவில்லை. நாட்கள் போயின. குழந்தைவேலுவுக்கு உள்ளூரச் சந்தோஷம். இந்த வார்த்தை அகப்படவே போவதில்லை, இவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

ஒரு சாயங்காலம் கண்ணையா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "தம்பி, நான் ஒண்ணு சொல்லவா? சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"கீழ பாருங்க. ஹார்பர்ல போயா கெடக்குல்ல, போட்டு கட்டற இரும்பு டிரம்மு? மிதந்துக்கிட்டு. அது என்ன காம் பண்ணுது?" நாக்கைக் கடித்துக்கொண்டார். "என்ன வேலை பண்ணுது? ஒண்ணும் இல்ல. தண்ணில கெடக்கும். ஆனா போட்டு எங்க சுத்தினாலும் திரும்பி வந்து அங்கதான் கட்டும். அது இல்லேன்னா போட்டு எங்க வந்து நிக்கும்? அதான் தம்பி, இது போயா."

யாரும் சிரிக்கவில்லை. பன்னீர்செல்வம் தொடையில் ஓங்கித் தட்டினார். "அடேங்கப்பா! கண்ணையா அடிச்சாரு பாருங்க!" அன்னம்மாள் சாக்பீசை எடுத்து நீட்டினாள். "எழுதுங்க சார். வேற என்னா வேணும்?" கண்ணையா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு வாசிக்கத் தெரியாத அந்தப் பலகையில் தான் சொன்ன ஒன்று ஏறப்போகிறது என்ற வெட்கம் அவர் முகமெல்லாம் பரவியிருந்தது.

குழந்தைவேலுவுக்கு அது சரியான வார்த்தை என்று கேட்ட கணமே தெரிந்துவிட்டது. அதுதான் பிரச்சினை. சாக்பீசை வாங்கி அந்த ஒரு வார்த்தையை எழுதினால், நாளைக்கு இந்த வராந்தாவில் அவர் மட்டும்தான் இருப்பார். கை நீளவே இல்லை. மறுப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். எது வாயில் வந்ததோ அதைச் சொன்னார்.

"போயா தமிழ் இல்லையே, கண்ணையா."

அன்னம்மாள் அவரையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். "பிரட்டு மட்டும் தமிழா சார்? ஆரியா தமிழா?"

குழந்தைவேலு டீ டம்ளரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். வேறு எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அர்த்தம் பொருந்தவில்லை என்றிருக்கலாம், நாளைக்கு யோசிப்போம் என்றிருக்கலாம். போயும் போயும், ஊரே எந்த இடத்தில் அடித்து அடித்துப் புண்ணாக்கியிருந்ததோ அந்த இடத்திலேயே அடித்துவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. அப்போதாவது எழுதியிருக்கலாம், எழுதவில்லை.

கண்ணையா சிரித்தார். "ஆமா, நமக்கு எங்க தமிழ் தெரியும்" என்றார். மீதி டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, மேட்டில் இறங்கிப் போனார்.

அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பன்னீர்செல்வம் கொஞ்ச நாள் வந்தார். பிறகு, "சிப்டு மாத்திட்டான் சார்வாள்" என்றார். மாற்றவில்லை என்பது குழந்தைவேலுவுக்குத் தெரியும். அன்னம்மாள் தூக்கைப் படியில் வைத்துவிட்டு, "சாப்பாடு இருக்குங்க" என்று குரல் கொடுத்து, ஏறாமலே திரும்பிப் போனாள். ஒரு நாள் அவர் வலியக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"நாங்க சொல்ற வார்த்தையெல்லாம் உங்களுக்குப் புடிக்கல போல சார். எங்கள வராதீங்கன்னு சொல்ல மனசு வராம அப்புடிச் சொன்னீங்கன்னு பன்னீரு அண்ணன் சொல்லுது. நேராவே சொல்லியிருக்கலாங்க" என்றாள்.

அவர் அப்படி இல்லை என்றார். அவள் சரிங்க என்றாள். சொன்னதை அவள் நம்பவில்லை. அவள் போன பிறகு குழந்தைவேலு நெடுநேரம் வராந்தாவிலேயே இருந்தார். நீலாவதி கப்பல் ஏறியபோதுகூட அவருக்கு இப்படி இருந்ததில்லை. அவள் ஊரைப் பிடிக்காமல் போனாள். இவர்களை இவரேதான் போகச் செய்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாத்தம் ஜெட்டிக்குப் போய் பெர்ரியில் ஏறினார். பாம்பூ பிளாட்டில் அவருக்கு ஒரு ஜோலியும் இல்லை. கோழிக்கூடையும் காய்கறி மூட்டையுமாகச் சனம் நெரிந்தது. கண்ணையா கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் முகம் மலரத்தான் செய்தது. சட்டென்று எழுந்து பெஞ்சில் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

"ஆயியே சாப், பைட்டியே," என்றார்.

வாங்க சார், உட்காருங்க. வங்காளிக்கும் தெலுங்கருக்கும் ஆபீசர்களுக்கும் சொல்கிற அதே மரியாதை, அதே ஹிந்தி. குழந்தைவேலு உட்கார்ந்தார். பெர்ரி பாதித் தூரம் போனது. பிறகு எழுந்து போய் கண்ணையா பக்கத்தில் நின்றுகொண்டார்.

"கண்ணையா, போயா சரியான வார்த்தை. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"டீக் ஹை, சாப்," சரி சார் என்றார், ஹிந்தியிலேயே.

"தமிழ் இல்லேன்னு சொன்னது பொய். வார்த்தை தீந்துட்டா நீங்க யாரும் வர மாட்டீங்கன்னு பயந்துட்டேன். அதுக்காகத்தான் வேண்டாம்னேன்."

கூடைக்காரி ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. கண்ணையா சுருட்டின கயிற்றை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினார்.

"மிஷின் நஹி ஆயேகா, ஹம்கோ மாலூம் தா, சாப்," என்றார் மெதுவாக. "ஹம் தோ ஆப்கே லியே ஆதே தே."

மிஷின் வராது என்று எங்களுக்குத் தெரியும், உங்களுக்காகத்தான் வந்துகொண்டிருந்தோம். ஹிந்தியில் கேட்டாலும் அது நெஞ்சில் போய்த் தைத்தது. முதலிலிருந்தே அப்படித்தான் என்றால், அவர் எதைக் காப்பாற்றுவதற்காக அந்தப் பொய்யைச் சொன்னார்? குழந்தைவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணையாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு வாங்க. அன்னம்மாளையும் கூப்பிடறேன், பன்னீரையும் கூப்பிடறேன். வார்த்தை எதுவும் வேண்டாம். சும்மா உக்காந்து பேசிட்டு இருப்போம்."

"தேக்தே ஹைன், சாப்."

பார்க்கலாம் என்று அர்த்தம். கையை உருவிக்கொள்ளவில்லை, அவருடைய கைமேல் இன்னொரு கையையும் வைத்தார். அந்தக் கையில் பிரியம் இருந்தது. பேச்சில்தான் வேறொரு மனுஷர் இருந்தார்.

"எங்கிட்டத் தமிழ்ல பேசுங்க, கண்ணையா," என்றார் குழந்தைவேலு. கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

கண்ணையா அவர் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, ஒரு தடவை பட்டவர் மறுபடி அந்தப் பக்கம் போகத் தயங்குவது போல, நிறுத்திக்கொண்டார்.

"தமிழ் ஹம்கோ நஹி ஆத்தா, சாப்," என்றார்.

தமிழ் எனக்கு வராது. அதில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. கரை கிட்டத்தில் வந்திருந்தது. அவர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்களை விலக்கிக்கொண்டு முன்பக்கம் போனார்.